பெரட்டு மணியும் பால் ஸ்டோர் லாரியும்: சில்லு வடிவமைப்பில் நம் பிள்ளைகள் நிற்க வேண்டிய இடம்

என் அம்மா பால்மரம் வெட்டியவர். புக்கிட் ரோத்தானை ஒட்டிய தோட்டத்தில் இருட்டு விலகுவதற்கு முன்பே பெரட்டுக்கு மணி அடிக்கும். அந்த ஒரு மணிக்குத் தோட்டமே எழும். சமையல் முடிந்ததோ இல்லையோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ இல்லையோ, மணி அடித்தால் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். கங்காணி பெயர் கூப்பிட்டு முடித்த பிறகுதான் யாரும் காட்டுக்குள் நடக்கலாம். சீக்கிரம் வந்தவருக்கும் பயனில்லை. கடைசி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது அங்கே ரப்பர் இல்லை, செம்பனை நிற்கிறது. நான் பினாங்கில் சில்லு வடிவமைப்பைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஆனால் அலுவலகத்தில் ஒவ்வொரு நாளும் அந்தப் பெரட்டு மணியோடுதான் மல்லுக்கட்டுகிறேன் என்று சொன்னால் அம்மா சிரிக்கிறார்.

உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லிலும் ஒரு மணி உண்டு. அதைக் கடிகாரம் என்கிறோம். 3 கிகாஹெர்ட்ஸ் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது ஒரு வினாடிக்கு 3 பில்லியன் தடவை அந்த மணி அடிக்கிறது என்பதற்கான கணக்கு. ஒவ்வோர் அடிக்கும் சில்லில் உள்ள லட்சக்கணக்கான சின்னஞ்சிறு நினைவகங்கள் ஒரே நேரத்தில் தங்கள் கையில் உள்ள 0 அல்லது 1ஐப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு அடிகளுக்கு நடுவே கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இதைத்தான் சிங்க்ரனஸ் சுற்று என்பார்கள்.

இந்த முறையின் பெருமை, அது எளிமையானது என்பதுதான். மணி அடிக்கும் கணத்தில் எல்லாம் சரியாக இருந்தால் போதும், நடுவில் என்ன தள்ளுமுள்ளு நடந்தாலும் கவலையில்லை. ஆனால் விலை உண்டு. எந்தப் பாதை மிக மெதுவானதோ அதுதான் மணியின் வேகத்தை முடிவு செய்கிறது. 3 கிகாஹெர்ட்ஸில் இரண்டு அடிகளுக்கு நடுவே வெளிச்சம்கூடப் பத்து செண்டிமீட்டர்தான் போகும். சில்லின் கம்பிக்குள் போகும் சைகை அதைவிட மெதுவு. ஆகவே மணியோசையை எல்லா மூலைக்கும் ஒரே நேரத்தில் கொண்டுசேர்ப்பதே ஒரு பெரிய வேலையாகிவிடுகிறது. சில சில்லுகளில் மின்சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அந்த மணியை அடிக்கவே செலவாகிறது. வேலை செய்யாமல் சும்மா நிற்கும் பகுதிக்கும் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

இனி, பால் ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். அங்கே மணி கிடையாது. மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து முடித்தவர், முடித்த நேரத்தில் காண்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். வாளியைக் கீழே வைப்பார். கிராணி நிறுத்து, புத்தகத்தில் எழுதி, தலையை ஆட்டுவார். தலை ஆடிய பிறகுதான் அடுத்தவர் வாளியை வைப்பார். "கொண்டுவந்திருக்கிறேன்" என்று ஒரு சைகை, "வாங்கிக்கொண்டேன்" என்று ஒரு பதில். அவ்வளவுதான் ஒழுங்கு. கடிகாரம் இல்லாத, அதாவது அசிங்க்ரனஸ் சுற்றுகள் இப்படித்தான் இயங்குகின்றன. வேகமானவர் மெதுவானவருக்காகக் காத்திருப்பதில்லை. வேலை இல்லாத இடத்தில் மின்சாரமும் வீணாவதில்லை.

இங்கே ஓர் இடைச்செருகல். கோல சிலாங்கூர் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உடனே கம்போங் குவாந்தான் மின்மினிகளைச் சொல்வார்கள். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து ஒரே தாளத்தில் மின்னும் அந்தப் பூச்சிகளுக்குத் தலைவன் கிடையாது, மணியும் கிடையாது. நானும் முன்பு இதையே உதாரணமாகச் சொல்லித் திரிந்தேன். பிறகுதான் அது பாதி சரி என்று புரிந்தது. மின்மினிகள் பக்கத்து மின்மினியைப் பார்த்துப் பார்த்துத் தங்களுக்குள் ஒரு பொது மணியை உண்டாக்கிக்கொள்கின்றன. இப்படி நடக்க முடியும் என்பதை மிரொல்லோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1990இல் ஒரு கணித மாதிரியில் நிரூபித்தார்கள். அசிங்க்ரனஸ் சுற்றுக்குப் பொது மணியே வேண்டாம். அழகான உதாரணம் எல்லாம் சரியான உதாரணம் ஆகிவிடாது.

சரி, பிரச்சினை எங்கே வருகிறது? பால் ஸ்டோரிலிருந்து லாரி புறப்படும் நேரத்தில் வருகிறது. ஆட்கள் தங்கள் நேரத்துக்கு வருகிறார்கள். லாரியோ குறித்த நேரத்துக்குக் கிளம்புகிறது. முன்கூட்டி வந்தவருக்குச் சிக்கல் இல்லை. லாரி போய் அரைமணி கழித்து வந்தவரின் நிலையும் தெளிவு, அவர் பால் நாளைக்கு. ஆனால் லாரி உருளத் தொடங்கும் அதே கணத்தில் ஒருவர் வாளியோடு ஓடிவருகிறார். டிரைவர் பிரேக்கில் கால் வைக்கிறார், எடுக்கிறார், மறுபடி வைக்கிறார். ஏற்றுவதா, போவதா என்று அவருக்கே தெரியாத அந்தச் சில வினாடிகள்தான் ஆபத்து.

சில்லிலும் அச்சாக இதேதான் நடக்கிறது. மணி அடிக்கும் கணத்திலேயே உள்ளே வரும் சைகை 0இலிருந்து 1க்கு மாறினால், ஃப்ளிப்-ஃப்ளாப் என்ற அந்தச் சிறு நினைவகம் இரண்டுக்கும் நடுவே தடுமாறி நிற்கும். எவ்வளவு நேரம் தடுமாறும் என்பதற்கு உறுதியான எல்லை இல்லை. காத்திருக்கக் காத்திருக்க, அது இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கும் வாய்ப்பு மளமளவென்று குறையும்; ஆனால் முற்றிலும் சுழியம் ஆகாது. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேனி, மோல்னார் இருவரும் 1973இல் இதை அளந்து கட்டுரையாக வெளியிட்டார்கள். அதற்கு முன்பு இப்படி ஒன்று நடக்கும் என்பதையே பல பொறியியலாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த பாடம் மட்டுமல்ல. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு சில்லில் இரண்டு வெவ்வேறு கடிகாரப் பகுதிகள் சந்திக்கும் இடங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மென்பொருள் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளைக் கொட்டியது. பெரும்பாலானவை வெற்று எச்சரிக்கைகள். ஒவ்வொன்றாகப் பார்த்து "பரவாயில்லை" என்று குறித்துக்கொண்டே போனேன். அவற்றில் ஒன்று பரவாயில்லாதது. கணினியில் ஓட்டிய பாவனைச் சோதனைகள் எல்லாம் தேறின, ஏனென்றால் அந்தப் பாவனையில் 0 உண்டு, 1 உண்டு, தடுமாற்றம் கிடையாது. சில்லு தயாராகி மேசைக்கு வந்த பிறகு, சில மணி நேரத்துக்கு ஒரு முறை காரணமே இல்லாமல் நின்றுபோனது. எங்கள் குழு ஏழு வாரம் தேடியது. கையெழுத்து என்னுடையது என்று தெரிந்த அந்த மாலை, நான் கேன்டீனில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு எனக்குள் எழுந்த கேள்வி இதுதான்: இந்தச் சந்திப்பு இடங்களை மனிதன் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டிய நிலை ஏன் இன்னும் இருக்கிறது? மணி உள்ள பகுதியையும் மணி இல்லாத பகுதியையும் சேர்த்து, பிழையில்லாமல் தானே வடிவமைத்துத் தரும் மென்பொருள் ஏன் கடையில் கிடைப்பதில்லை?

இதற்குப் பதில் தெரிய, சில்லு எப்படி வடிவமைக்கப்படுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். இன்று யாரும் டிரான்சிஸ்டரை ஒவ்வொன்றாக வரைவதில்லை. வெரிலாக் போன்ற மொழியில் நிரல் எழுதுகிறோம். ஒரு மென்பொருள் அதை லாஜிக் கேட்டுகளாக மாற்றுகிறது. இன்னொன்று அவற்றைச் சில்லின் பரப்பில் அடுக்கிக் கம்பி இழுக்கிறது. மூன்றாவது, எல்லாச் சைகையும் அடுத்த மணிக்குள் போய்ச் சேருமா என்று கணக்குப் பார்க்கிறது. இந்த மூன்று மென்பொருளும் மணி உண்டு என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை. மணி இருப்பதால்தான் சுற்றை இரண்டு நினைவகங்களுக்கு இடைப்பட்ட சிறு துண்டுகளாக வெட்டி, துண்டு துண்டாகக் கணக்குப் போட முடிகிறது.

கடிகாரமில்லாச் சுற்றில் கேள்வியும் பதிலும் வளையம் வளையமாகச் சுற்றுகின்றன. எங்கே வெட்டுவது? மென்பொருள் குழம்பிப்போகிறது. அதைவிட மோசம், தடுமாற்றம் வராமலிருக்க வடிவமைப்பாளர் வேண்டுமென்றே சேர்த்த கூடுதல் கேட்டை, "இது தேவையில்லை, இல்லாவிட்டாலும் விடை அதேதான்" என்று மென்பொருள் அழித்துவிடும். பூலியன் கணக்குப்படி அது சொல்வது உண்மை. ஆனால் அந்தக் கேட் விடைக்காக அங்கே இல்லை, இடைப்பட்ட கணத்தில் ஒரு பொய்ச் சைகை எழாமல் தடுக்க இருந்தது.

சரி, தனி மென்பொருள் எழுதலாம் என்றால் வேறொரு மலை நிற்கிறது. 10 சைகைகள் உள்ள சுற்றுக்கு 1,024 நிலைகள் இருக்கலாம். 30 சைகைகள் என்றால் ஒரு பில்லியனைத் தாண்டும். அடுக்குக்குறி பாடம் படித்த எந்தப் படிவம் நான்கு மாணவனும் இதைப் போட்டுப் பார்க்கலாம். எல்லா நிலைகளையும் ஒன்றுவிடாமல் பார்த்து "பிழை இல்லை" என்று சொல்வது கணினிக்கே மூச்சுமுட்டும் வேலை.

இருந்தாலும் விடாப்பிடியாக வேலை செய்தவர்கள் உண்டு. 1984இல் ஸ்டான்ஃபோர்டில் டேனியல் சாப்பிரோ தம் முனைவர் பட்ட ஆய்வில் ஒரு நடுவழியைச் சொன்னார்: சிறு பகுதிகளுக்குள் மணி இருக்கட்டும், பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே மணி வேண்டாம். 1989இல் ஐவன் சதர்லேண்ட், தமக்குக் கிடைத்த டியூரிங் விருதுக்கான உரையாக வெளியிட்டதே கடிகாரமில்லாத குழாய்வழிச் சுற்றுகளைப் பற்றித்தான். பார்சிலோனாவில் ஜோர்டி கோர்ட்டடெல்லாவும் உடன் ஆய்வாளர்களும் பெட்ரிஃபை என்ற கருவியை உருவாக்கினார்கள். வட்டங்களும் கோடுகளும் நடுவே நகரும் புள்ளிகளுமாக நாம் வரையும் படத்திலிருந்து அது சுற்றை உருவாக்கித் தரும். 2006இல் அவரும் கோண்ட்ராட்யெவ், லவாக்னோ, சொட்டிரியு ஆகியோரும் இன்னொரு தந்திரத்தை விரிவாக எழுதினார்கள். வழக்கமான மணிச் சுற்றை வழக்கமான மென்பொருளிலேயே செய்துகொள்ளுங்கள். கடைசியில் மணியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பால் ஸ்டோர் கிராணிகளைப் போல் சிறு கட்டுப்பாட்டுச் சுற்றுகளை மென்பொருளே நட்டுவிடட்டும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. புதிய மொழி கற்கச் சொல்லி யாரையும் மிரட்டுவதில்லை.

ஆனால் பெரிய அளவில் கலப்புச் சில்லு செய்ய முடியும் என்று கண்முன் காட்டியது ஐபிஎம் நிறுவனத்தின் ட்ரூநார்த். 2014 ஆகஸ்டில் வெளியான அந்தச் சில்லு மூளை நரம்புகளைப் போலச் செயல்படுவது, 5.4 பில்லியன் டிரான்சிஸ்டர்கள், 4,096 கருக்கள், ஒரு மில்லியன் செயற்கை நியூரான்கள். செலவழித்த மின்சக்தியோ ஏறக்குறைய 70 மில்லிவாட்தான். நியூரானின் கணக்கைப் போடும் பகுதி மணியோடு இயங்கியது. செய்தியை அனுப்பும், கட்டுப்படுத்தும் பகுதிகள் மணி இல்லாமல் இயங்கின. அடுத்த ஆண்டு அந்தக் குழு வெளியிட்ட நீண்ட கட்டுரையில் பாதிக்கு நான் திரும்பத் திரும்பப் போகிறேன். அது சில்லைப் பற்றியதல்ல, சில்லைச் செய்யத் தாங்களே எழுதிக்கொண்ட மென்பொருள் கருவிகளைப் பற்றியது. கடையில் வாங்கியதையும் கையால் செய்ததையும் ஒட்டுப்போட்டு வழி கண்டிருக்கிறார்கள். கருவி இல்லாமல் அந்தச் சில்லு இல்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2024 மே மாதம் பிரதமர் தேசியச் செமிகண்டக்டர் வியூகத் திட்டத்தை அறிவித்தார். 60,000 பொறியியலாளர்களைப் பயிற்றுவிப்பது இலக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் நம் சிலாங்கூரிலேயே, பூச்சோங்கில், சில்லு வடிவமைப்புப் பூங்கா திறக்கப்பட்டது. 2025 மார்ச்சில் பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்தோடு பத்து ஆண்டுகளுக்கு 250 மில்லியன் அமெரிக்க டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1972இல் இண்டெல் பினாங்கில் தொழிற்சாலை திறந்த காலம்தொட்டு நாம் பிறர் வடிவமைத்த சில்லுகளைப் பொதிந்தும் சோதித்தும் கொடுத்துவந்தோம். இனி நாமே வடிவமைப்போம் என்கிறது அரசு. நல்ல முடிவு. எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை.

என் குறை வேறு. நாம் வாங்கியது வரைபடங்களை. வரைபடம் வரையும் கருவிகள் இன்னும் சினோப்சிஸ், கேடன்ஸ், சீமென்ஸ் என்ற மூன்று பெரிய நிறுவனங்களின் கையில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. 2025 மே இறுதியில் அமெரிக்க அரசு சீனாவுக்கு இந்த மென்பொருளை விற்பதைக் கட்டுப்படுத்தியது. ஜூலை தொடக்கத்தில் விலக்கிக்கொண்டது. அந்த ஐந்து வாரங்களில் உலகத்துக்கு ஒன்று தெரிந்தது: தொழிற்சாலை வாசலைப் பூட்ட வேண்டியதே இல்லை, கருவியின் உரிமத்தைப் பூட்டினால் போதும். 60,000 பேரைக் கருவியைப் பயன்படுத்த மட்டும் பழக்கினால், நாம் பொதியும் வேலையிலிருந்து பொத்தானை அமுக்கும் வேலைக்கு மாறியிருப்போம். அவர்களில் சில நூறு பேராவது கருவியை எழுதத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

ஏன் குறிப்பாக இந்தக் கலப்புச் சுற்றுத் துறை? மற்ற இடங்களில் முப்பது நாற்பது ஆண்டு முன்னேறிய நிறுவனங்களோடு போட்டி போட வேண்டும். இங்கே இன்னும் எவரும் முழுமையாக வென்றுவிடவில்லை. சிறு குழுவுக்கும் இடம் இருக்கிறது.

என் அலுவலக நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "கடிகாரமில்லாச் சில்லு நாற்பது வருஷமா அடுத்த வருஷம் வரப்போகுதுன்னு சொல்றாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. முழுக்க மணியில்லாத சில்லு சந்தையைப் பிடிக்கும் என்று நானும் பந்தயம் கட்டமாட்டேன். ஆனால் இன்று ஒரு கைப்பேசிச் சில்லுக்குள் ஒரு மணியா இருக்கிறது? கேமராவுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, நினைவகத்துக்கு ஒன்று என்று பல மணிகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் அடிக்கின்றன. அவை சந்திக்கும் ஒவ்வோர் இடமும் பால் ஸ்டோர் லாரிதான். என்னை ஏழு வாரம் அலையவைத்ததும் அப்படியொரு சாதாரணச் சில்லுதான். கலப்பு என்பது வருங்காலக் கனவல்ல, நேற்றே வந்துவிட்ட தலைவலி.

ஒரு சுவையான செய்தி. 1985இல் முதல் ஆர்ம் சில்லை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஸ்டீவ் ஃபர்பர். மற்றவர் சோஃபி வில்சன். ஃபர்பர் பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகம் போய் என்ன செய்தார் தெரியுமா? 1990களில் அதே ஆர்ம் கட்டளைகளைக் கடிகாரமே இல்லாமல் இயக்கும் அமுலெட் சில்லுகளைச் செய்தார். அதற்குப் பிறகு ஸ்பின்னக்கர்: ஒரு சில்லுக்கு 18 ஆர்ம் கருக்கள், ஒவ்வொன்றும் தன் மணியோடு, நடுவே போகும் செய்திகள் மணியில்லாமல். 2018இல் அது ஒரு மில்லியன் கருக்களை எட்டியது. ஆர்மின் வரைபடங்களைக் காசு கொடுத்து வாங்கிய நாம், அதை வரைந்தவர் அடுத்து எந்தப் பக்கம் நடந்தார் என்பதையும் பார்க்கலாம் அல்லவா?

எஸ்பிஎம் எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு நேராக ஒன்று சொல்கிறேன். கூடுதல் கணிதத்தைக் கைவிடாதீர்கள். நம் வீடுகளில் "பையனுக்குக் கம்ப்யூட்டர் வரும்" என்றால் விளையாட்டு விளையாடத் தெரியும், மிஞ்சினால் இணையப் பக்கம் செய்யத் தெரியும் என்று பொருள். கருவி எழுதுபவனுக்கு வேண்டியது வேறு: தர்க்கம், கணங்கள், புள்ளிகளையும் கோடுகளையும் வைத்துச் செய்யும் கோட்டுருக் கணக்கு, நிகழ்தகவு. பல்கலைக்கழகத்தில் தனிநிலைக் கணிதம் என்ற பெயரில் வரும் பாடத்தை எப்படியாவது தேறினால் போதும் என்று நண்பர்கள் ஒதுக்குவார்கள். நானும் ஒதுக்கினேன். இப்போது இரவில் உட்கார்ந்து படிக்கிறேன்.

பாலிடெக்னிக் போகிறவர்களும், மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்காமல் மனம் உடைந்தவர்களும் இது தங்களுக்கில்லை என்று நினைக்க வேண்டாம். யோசிஸ், ஓப்பன்ரோட் என்ற சில்லு வடிவமைப்புக் கருவிகள் இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. கூகளும் ஸ்கைவாட்டரும் 2020இல் 130 நானோமீட்டர் தொழிற்சாலை விவரங்களையே பொதுவில் வைத்தன. கடிகாரமில்லாச் சுற்றுகளுக்கு இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் வொர்க்கிராஃப்ட் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ரஜித் மனோகர் குழுவின் ஆக்ட் இருக்கிறது. இவர் ட்ரூநார்த் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். பழைய மடிக்கணினி போதும். வேண்டியது வழிகாட்ட ஓர் ஆள், அதுதான் நம்மிடம் குறைவு. இந்தத் துறையில் இருக்கும் என் வயதுக்காரர்கள், நான் உட்பட, ஊருக்குத் தீபாவளிக்கு வந்து காரைக் காட்டிவிட்டுப் போகிறோம். அது போதாது.

நான் மூன்று மாதமாக, ஊருக்கு வரும் சனிக்கிழமைகளில், எங்கள் வீட்டு அஞ்சடியில் நான்கு பிள்ளைகளோடு உட்கார்கிறேன். வொர்க்கிராஃப்டில் பால் ஸ்டோரை வரைந்தோம்: வாளி வைப்பவர், கிராணி, தலையாட்டல். திரையில் புள்ளிகள் நகர்வதைப் பார்க்க என் அம்மாவும் நாற்காலி போட்டுக்கொண்டார். கிராணி தப்பாகத் தலையாட்டினால் என்ன ஆகும் என்று அவர்தான் முதலில் கேட்டார். சொந்த அனுபவமாக இருக்கலாம்.

போன வாரம் லாரியைச் சேர்த்தோம். படிவம் ஐந்து படிக்கும் தங்கை ஒருத்தி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணா, டிரைவருக்கு யோசிக்க இன்னும் ஒரு நிமிஷம் கூடக் கொடுத்தா, எத்தன வருஷத்துக்கு ஒரு தடவ தப்பு நடக்கும்?" என்று கேட்டாள். நான் பொறுப்பாக இருந்த அந்தச் சில்லில் யாரும் போட்டுப் பார்க்காத கணக்கு அது. அடுக்குக்குறியும் மடக்கையும் தெரிந்தால் போட்டுவிடலாம். மடக்கைப் பாடத்தைத் திரும்பப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறாள்.